அரைப்பேர்

கந்தப்பளை டவுனில், ஆணியும் பெயின்டும் விற்கும் கடைக்கு மேலே
எங்கள் அறை. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஹீட்டர்.
அதுவும் பிரதாபன் சேரின் மேசைக்குக் கீழே.
இரவு எட்டு மணிக்கு நான் வந்து உட்காரும்போது
அங்கே சூரியன் இல்லை.
நாளைக்கும் இல்லை.
பெப்ரவரி கடைசி வரைக்கும் இல்லையாம்.

உலகத்தின் உச்சந்தலையில் ஒரு தீவு.
ஒன்பது ஓநாய்கள். ஐந்துக்குக் கழுத்துப்பட்டி.
பட்டி ஆறு மணிக்கொரு தரம் வானத்திடம் சொல்லும்:
நான் இங்கே இருக்கிறேன்.
வானம் யார் யாரிடமோ சொல்லி
கடைசியில் என்னிடம் சொல்லும்.
ஒரு புள்ளி.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் ஓடும் கோட்டைப் பார்ப்பது என் வேலை.
சரியென்றால் பச்சை. பிழையென்றால் சிவப்பு.
முதல் வாரம், கடலுக்கு நடுவில் நின்ற ஓநாய்க்கெல்லாம்
சிவப்பு போட்டேன்.
கடல் உறைந்து தரையாகிவிடும் என்று
யாரும் எனக்குச் சொல்லவில்லை.
நாற்பது புள்ளிக்குக் காசு வெட்டினார்கள்.

வெள்ளை நிறமாம். நான் படம் பார்க்கவில்லை.
புள்ளியாகவே பழகிவிட்டது.

மார்கழியில் நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் போயின.
நுவரெலியாவுக்குப் போய், திரும்பி வந்து,
மறுபடியும் போகிற தூரம்.
நாள் என்று நான் சொல்வது இங்கத்தைய நாள்.
அங்கே ஒரே ராத்திரி,
நாலு மாத நீளத்தில்.

தை பிறந்ததும் நாலாம் நம்பர் பிந்தத் தொடங்கியது.
இருபத்துநாலு. பதினொன்று. நாலரை.
மற்ற நாலும் வடக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தவை
நின்றன.
பிறகு முழுசாகத் திரும்பி
போன கோட்டின் மேலேயே வந்தன.

திரையில் மஞ்சள் விளக்கு:
கூரிய திருப்பம், பிழையாக இருக்கலாம்.
"செவப்பப் போட்டுட்டு அடுத்ததப் பாருங்க, தவமலர்.
காரணம் தேடுறது நம்ம வேல இல்ல"
என்றார் சேர், ஹீட்டரை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்தபடி.

நான் இரண்டு வருஷம் கொழுந்தெடுத்தவள்.
ஏழாம் நம்பர் மலையில் குணவதி அக்காவுக்கு
முழங்கால் வீங்கிய மாதம்,
அவள் நிரை மட்டும் பின்னால் பின்னால் கிடக்கும்.
தராசுக்குக் கொஞ்சம் முன்னால்,
கங்காணி பீடி பற்றவைக்க காற்றுக்கு முதுகு காட்டும் நேரம்,
ஆளுக்கொரு பிடி அவள் சாக்கில் விழும்.
பதினாலு பதினெட்டாகும்.
அரைப்பேர் முழுப்பேராகும்.
அந்த நாலு கிலோவைக் கொப்பியில் தேடுகிறவர்கள்
பிழை என்றுதான் எழுதுவார்கள்.

பச்சை போட்டேன். பதினாறு புள்ளிக்கும்.
ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, திரும்பப் பார்த்து
முடிக்கும்போது விடியப்புறம் நாலு மணி.
அன்றைய கணக்கில் பாதிகூட ஆகவில்லை.
எனக்கும் அரைப்பேர்தான் விழுந்தது.

இரண்டு நாள் ஐந்தும் ஒரே இடத்தில், ஒரு பிடிக்குள்.
மூன்றாம் நாள் சேர்ந்தே நகர்ந்தன,
மூன்று கிலோமீட்டர்.
என்ன தின்றன, எதைக் கொன்றன,
ஒன்றும் என் திரைக்கு வராது.

அந்த வாரம் எங்கள் பக்கமும் பனி கொட்டியது.
வேலை விட்டு இறங்கி வரும்போது
பள்ளத்துத் தேயிலை முழுக்க நரைத்துப்போய் நின்றது.
வெயில் பட்டால் கருகும்; பிறகு கொழுந்து இல்லை,
இரண்டு மாதத்துக்குப் பேரும் இல்லை.
பிரட்டுக்குப் போகிற பெண்கள்
புல்லின் மேல் தடம் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.
குணவதி அக்கா கைகாட்டினாள்.
"ராவெல்லாம் அந்த ரூம்ல அப்படி என்னதான் பாக்கிற?" என்றாள்.
"நாய்" என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

பத்தொன்பதாம் திகதியிலிருந்து நாலாம் நம்பர் அசையவில்லை.
பட்டி அறுந்து விழுந்தாலும்
இப்படித்தான் காட்டுமாம்.
மற்றவை ஒரு நாள் சுற்றின. ஒரு நாள் படுத்தன.
பிறகு வடக்கே,
முப்பது கிலோமீட்டர்.

பட்டியின் பாட்டரிக்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது.
சூரியன் வந்த பிறகும் சொல்லும்,
ஆறு மணிக்கொரு தரம்.
நான் இங்கே இருக்கிறேன்.
பச்சை.
நான் இங்கே இருக்கிறேன்.
பச்சை.